கேள்வி மூன்று மொழியில், பதில் ஒரு மொழியில்: பாராளுமன்றத் தகவல் சேவை மலையகத்தாருக்கு எவ்வளவு பயன்?

அரசாங்கம் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு பணம் கொடுக்கிறது, யாரை எந்த முறையில் வேலைக்கு எடுக்கிறது என்ற இரண்டும் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் அன்றாடம் பேசப்படும் விடயங்கள். கடன் கேட்டு வங்கிக்குப் போய் வந்தவரும், பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருப்பவரும் கடைசியில் வந்து நிற்பது ‘யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும்’ என்ற இடத்தில்தான். ஆளைப் பிடிக்காமல் ஆவணத்தைப் பிடித்து இதே கேள்விகளைக் கேட்பதற்கு, நம்முடைய வரிப்பணத்திலேயே ஒரு சேவை நடந்துகொண்டிருக்கிறது. இலங்கைப் பாராளுமன்றத்தின் இணையத்தளம், அதில் வெளிவரும் ஒழுங்குப் பத்திரம், சபையில் பேசப்பட்டதைச் சொல்லுக்குச் சொல் பதியும் ஹன்சாட் அறிக்கை, குழு அறிக்கைகள், அமர்வுகளின் நேரலை ஒளிபரப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்தே சேவை என்கிறேன். விண்ணப்பம் நிரப்பவும் மேன்முறையீடு எழுதவும் உதவி கேட்டு வருகிற பிள்ளைகளுக்காகவும் சிறு கடைக்காரர்களுக்காகவும் இதனை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். கட்டணமில்லை, பதிவு செய்யத் தேவையில்லை, கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். அப்படியிருந்தும் நமது மக்களில் மிகச் சிலரே இதனைத் திறந்து பார்த்திருக்கிறார்கள் என்பதால், எது பயன்தரும், எது தராது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

புதிதாக வருபவர் ஒழுங்குப் பத்திரத்திலிருந்து தொடங்குவது நல்லது. பாராளுமன்றம் கூடும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பத்திரம் உண்டு. அன்றைய வாய்மூல விடைக்கான வினாக்கள் அதில் முன்கூட்டியே தமிழில் அச்சாகியிருக்கும். எந்த உறுப்பினர், எந்த அமைச்சரிடம், என்ன கேட்கப்போகிறார் என்பது வரிக்கு வரி தெரியும். ஒரு வினாவின் வடிவம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். குறித்த மாவட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட பதவிகள் எத்தனை என்பதையும், அவற்றில் நிரப்பப்படாதவை எத்தனை என்பதையும், அவை எப்போது நிரப்பப்படும் என்பதையும் ‘அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?’ என்று முதற்பகுதி முடியும். அடுத்த வரியில் ‘இன்றேல், ஏன்?’ என்று நிற்கும். அந்த இரண்டு சொற்களை நான் மிகவும் மதிக்கிறேன். பதில் சொல்லாதிருப்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும் என்ற கடப்பாட்டை இவ்வளவு சுருக்கமாக வைத்த வேறொரு வடிவத்தை நமது நிர்வாகத்தில் நான் கண்டதில்லை. பிரதேச செயலகத்துக்கோ வலயக் கல்வி அலுவலகத்துக்கோ கடிதம் எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்த வினாக்களையே மாதிரியாகக் காட்டுகிறேன். ஏனெனில் ஒரு குறையைப் புலம்பலாக எழுதாமல், எண்ணிக்கை, திகதி, பொறுப்பானவர், காரணம் என்று பிரித்துக் கேட்கும் முறை அவற்றில் இருக்கிறது.

இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதியும் மிகப் பலவீனமான பகுதியும் அடுத்தடுத்தே வருகின்றன. ஹன்சாட்டில் வினா சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் அச்சாகிறது. விடையோ அமைச்சர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில் மட்டுமே அச்சாகிறது. பெரும்பாலான விடைகள் சிங்களத்தில் இருப்பதால், தமிழில் மட்டும் வாசிக்கத் தெரிந்தவருக்குக் கதவு திறந்த இடத்திலேயே சுவர் எழும்பிவிடுகிறது. நேரம் போதாதபோது அமைச்சர் விடையை வாசிக்காமல் சபாபீடத்தில், அதாவது சபையின் மேசையில், ஆவணமாக வைத்துவிடுவதும் வழக்கம். அப்போது அட்டவணைகளும் பெயர்ப்பட்டியல்களும் நீண்ட இணைப்பாக வரும். நமக்கு வேண்டியவை அந்த இணைப்பில்தான் இருக்கும். அட்டன் நகரத்தில் ஒரு கொமினிகேஷனில் இப்படியொரு பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தபோது, பட்டம் முடித்துக் காத்திருந்த ஒரு தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கேள்வி நல்லா வெளங்குதுண்ணே, பதில யாருகிட்ட கொண்டுபோய் வாசிக்கச் சொல்றது?” என்று கேட்டார். அவர் சிங்களம் சரளமாகப் பேசுவார். ஆனால் பேசும் சிங்களத்துக்கும் நிர்வாகச் சிங்களத்துக்கும் இடையிலுள்ள தூரம், பேச்சுத் தமிழுக்கும் சட்டத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரத்துக்குக் குறைந்ததல்ல.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. பாராளுமன்ற உறுப்பினர் தம் கடமையைத் தமிழிலும் செய்யலாம் என்று அரசியலமைப்பு உறுதி செய்கிறது. சபையில் உடனடி மொழிபெயர்ப்பும் நடக்கிறது. அதாவது விடை தமிழில் உறுப்பினரின் காதுக்கு அந்த நிமிடமே போய்விடுகிறது. குடிமகனின் கைக்குத்தான் வருவதில்லை. பேச்சுகள் அனைத்தையும் மொழிபெயர்க்கும்படி நான் கேட்கவில்லை. வாய்மூல வினாக்களின் விடைகளையும் அவற்றின் இணைப்புகளையும் மாத்திரம், ஒரு மாத காலம் தாமதித்தேனும், தமிழில் வெளியிட்டால் இந்தச் சேவையின் பயன் பன்மடங்காகும் என்பது என் உறுதியான கருத்து.

குழுக்களுக்கு வருவோம். அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவை எல்லோரும் ‘கோபா’ என்கிறோம். அது 1921இல் தொடங்கியது. அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய ‘கோப்’ குழு 1979இல் வந்தது. எதை எங்கே தேடுவது என்று குழம்புபவர்கள் இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: அமைச்சு, திணைக்களம், மாவட்டச் செயலகம், மாகாண சபை, பிரதேச சபை ஆகியவற்றின் பணம் கோபாவுக்குப் போகும், கூட்டுத்தாபனம், நியதிச்சட்டச் சபை, அரசுக்குரிய வங்கி, அரசுக்குரிய கம்பனி ஆகியவை கோப்புக்குப் போகும். சிறு தொழிலுக்குக் கடன் கொடுக்கும் பிரதேச அபிவிருத்தி வங்கியும், 1969இலிருந்து இயங்கும் கைத்தொழில் அபிவிருத்திச் சபையும், 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகாரசபையும் கோப் குழுவின் பார்வைக்குள் வருபவை. இவ்விரு குழுக்களுக்கும் அடிப்படை, அரச கணக்குகளைத் தணிக்கை செய்யும் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகள்தாம். அவை மூன்று மொழிகளிலும் வெளிவருகின்றன என்பதால், ஹன்சாட்டின் விடையில் கிடைக்காத தமிழ் பல வேளைகளில் இங்கே கிடைத்துவிடுகிறது.

கணக்காய்வு அறிக்கை என்றதும் கணக்காளர்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிடக்கூடாது. ஐந்தொகையையும் இலாப நட்டத்தையும் விட்டுவிட்டு, பின்பகுதியிலுள்ள மனிதவள முகாமைத்துவம் பற்றிய பந்தியை மட்டும் திறந்து பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, உள்ளபடியான ஆளணி, வெற்றிடம், மேலதிகம் என்று ஒரு சிறு அட்டவணை இருக்கும். சிரேஷ்ட மட்டத்தில் வெற்றிடம் நிரப்பப்படாமல் பதில் கடமையில், அதாவது வேறொருவர் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ளும் முறையில், ஓடுவதும், கனிஷ்ட மட்டத்தில் அங்கீகாரத்துக்கு மேல் ஆட்கள் சேர்க்கப்பட்டிருப்பதும் அந்த நான்கு நிரல்களிலேயே தெரிந்துவிடும். முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் அனுமதியின்றி எடுக்கப்பட்ட ஆட்கள் பற்றிய குறிப்பும் சில அறிக்கைகளில் இருக்கும். ஒரு நிறுவனம் ‘தற்போது ஆட்சேர்ப்பு இல்லை’ என்று வாயிலில் சொல்லி அனுப்பும்போது, அதே நிறுவனத்தின் வெற்றிட எண்ணிக்கை அச்சிட்ட பக்கமாக உங்கள் கையில் இருந்தால் உரையாடலின் தன்மையே மாறிவிடும். இந்த முழுச் சேவையிலும் நான் அனைவருக்கும் முதலில் பரிந்துரைப்பது இந்தப் பந்தியைத்தான்.

குழு அறிக்கை சபையில் சமர்ப்பிக்கப்பட்ட பின்னர், சம்பந்தப்பட்ட அமைச்சர் தமது அவதானிப்புகளையும் எடுத்த நடவடிக்கைகளையும் எட்டு வாரங்களுக்குள் பாராளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று பாராளுமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகள் விதிக்கின்றன. அந்தப் பதிலறிக்கைகளும் ஆவணமாகச் சேர்கின்றன. ஆனால் மூல அறிக்கையையும் அதற்கான அமைச்சரின் பதிலையும் ஒரே பக்கத்தில் இணைத்துக் காட்டும் வசதி இல்லாததால், இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பொருத்திப் பார்ப்பது பயனாளியின் வேலையாகிவிடுகிறது. தேடும்போது சொல்லைக் கொண்டு தேடுவதை விட, அமர்வுத் திகதியைக் கொண்டு தேடுவது உறுதியான வழி. பத்திரிகையில் வந்த செய்தியில் திகதியைக் குறித்துக்கொண்டு தளத்துக்குப் போங்கள்.

குழு அமர்வுகள் 2019இலிருந்து ஊடகங்களுக்குத் திறக்கப்பட்டமை பெரிய முன்னேற்றம். சுனில் ஹந்துன்நெத்தி கோப் குழுவுக்குத் தலைமை வகித்த காலம் அது. அதிகாரிகள் கேள்விக்கு முன்னால் தடுமாறுவதை நாடே பார்க்கிற நிலை அதன் பின்னரே வந்தது. இருந்தாலும் விசாரணை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. தமிழ் ஊடகங்களில் வருவது அதில் காரசாரமான ஓரிரு நிமிடங்கள் மட்டும்தான் என்பதால், காணொளியை நம்பி இந்தச் சேவைக்கு வருகிற தமிழ் வாசகர் ஏமாறக்கூடும். ஆவணங்களோடு நின்றுகொள்வது நல்லது.

இனி, நமது பகுதியின் பணத்தை இந்தச் சேவை எவ்வளவு தூரம் பின்தொடர விடுகிறது என்று பார்ப்போம். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக்கி, அதற்கு மேல் 200 ரூபாவை வேலைக்கு வருவதற்கான ஊக்குவிப்பாக அரசாங்கமே கொடுக்கும் என்று அறிவித்தது. அதற்கென 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. தொழிலாளிக்குக் கிடைக்கும் அந்த 200 ரூபா நியாயமானது, அவசியமானது. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதே வேளை, 1992இல் தனியார் முகாமைத்துவத்துக்குப் போன தோட்டங்களில், கம்பனி கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பங்கைத் திறைசேரி சுமக்கிறது என்றால், அது தொழில்துறைக்கான அரச உதவியும் ஆகும். அப்படியானால் அதன் கணக்கைப் பாராளுமன்றம் எங்கே பார்க்கும்? பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் கோப் குழுவின் முன் நாளாந்தம் வந்து நிற்கும் அரச நிறுவனங்கள் அல்ல. ஆகவே இந்தப் பணத்தைப் பின்தொடர விரும்புபவர் பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சின் செலவினத் தலைப்பையும், அந்த அமைச்சு பற்றிய கணக்காய்வையும், கோபாவின் விசாரணையையும் பார்க்க வேண்டும். வேலைக்கு வந்ததை உறுதிப்படுத்துவது யார், அரைநாள் வேலையாக மட்டும் பெயர் பதியப்பட்டவருக்கு என்ன, மழை நாளில் வேலை நிறுத்தப்பட்டால் என்ன, நாட்சம்பளமின்றி, பறித்த நிறைக்கேற்பக் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவருக்கு என்ன என்ற கேள்விகள் மலையகத்திலிருந்து வரும் உறுப்பினர்களால் எழுத்தில், எண்ணிக்கை கேட்டு, வினாவாக வைக்கப்பட வேண்டியவை. மேடைப் பேச்சில் இவற்றுக்கு விடை வராது.

அரசுக்கே சொந்தமான தோட்டங்களின் நிலை வேறு. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி ஆகியவை கோப் குழுவின் எல்லைக்குள் இருப்பவை. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் நிலுவையாகக் கிடப்பது பற்றிய விபரங்கள் இவற்றின் அறிக்கைகளில் எழுத்தில் இருக்கின்றன. கண்டி, மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் ஓய்வுபெற்றுவிட்டு சேமலாபப் பணத்துக்காக அலையும் பெரியவர்களின் பிள்ளைகள் இந்த அறிக்கைகளைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது வாய்வார்த்தைக்குப் பதிலாகப் பாராளுமன்ற ஆவணத்தைக் காட்டிப் பேசலாம்.

சிறு கடன் விடயத்தில் என் திருப்தி குறைவு. வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் பராட்டே அதிகாரம், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. 2024இல் அது தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, பின்னர் 2025 மார்ச் 31 வரை அந்த நிறுத்தம் நீடிக்கப்பட்டது. இந்த விவாதங்களையும், ஹர்ஷ டி சில்வா தலைமை வகிக்கும் அரசாங்க நிதி பற்றிய குழு சிறிய, நடுத்தரத் தொழில்முயற்சியாளர்களின் நிலை குறித்து எழுப்பிய விடயங்களையும் தளத்தில் காணலாம். ஆனால் அவற்றில் மாவட்டவாரியான பிரிப்பு அரிதாகவே இருக்கும். நுவரெலியா மாவட்டத்தில் எத்தனை பேருக்குச் சலுகை வட்டிக் கடன் போனது, அதில் தோட்ட முகவரியுள்ளவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனி வினாவாக யாராவது கேட்டிருந்தாலன்றி அறிய முடியாது. காணி உறுதி இல்லாத லயன் (தோட்டத்து வரிசை வீடு) முகவரிக்காரர் ஈடு வைக்க எதுவுமில்லாமல் வாசலிலேயே திரும்பிவிடுகிறார். விண்ணப்பமே பதியப்படாத ஒருவரை எந்தக் கணக்காய்வும் எண்ணுவதில்லை. மலையகத்துக்கு இந்தச் சேவையில் எனக்குத் தெரியும் ஆகப்பெரிய வெற்றிடம் இதுதான்.

ஆட்சேர்ப்பைப் பொறுத்தவரை, 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அத்தியாவசியப் பதவிகளுக்கு 30,000 பேரைச் சேர்க்க 10 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. அந்த அறிவிப்பு ஹன்சாட்டில் இருக்கிறது. அதன் பின்னர் எந்தச் சேவைக்கு எத்தனை பேர் என்ற வினாக்களும் இருக்கின்றன. விண்ணப்பம் கோரும் அறிவித்தல்கள் வர்த்தமானியில் வருவதால், பாராளுமன்றத்தில் சொல்லப்பட்ட எண்ணிக்கையையும் வர்த்தமானியில் கோரப்பட்ட எண்ணிக்கையையும் ஒப்பிடுவது எவருக்கும் கூடும். அரச உயர் பதவிகளுக்கு முன்மொழியப்படுவோரை உயர் பதவிகள் பற்றிய குழு பார்க்கிறது. அரசாங்க சேவை ஆணைக்குழுவின் உறுப்பினர்கள் அரசியலமைப்புப் பேரவை வழியாக வருகிறார்கள். இவை மேல்மட்டம். நமது பிள்ளைகள் நிற்கும் வரிசை கீழ்மட்டத்தில், அதுவும் பெரும்பாலும் மாகாணத்தில் இருக்கிறது.

அங்கேதான் கண்காணிப்பு மெலிந்துபோகிறது. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். அவற்றுக்கான நியமனங்களைப் பார்க்க வேண்டிய மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும், ஊவா மாகாண சபையின் காலம் 2019இலும் முடிந்தன. அதன் பின்னர் தேர்தல் நடக்கவில்லை. மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவை நியமிப்பவர் ஆளுநர். கேள்வி கேட்க வேண்டிய சபை இல்லாத இடத்தில், கொழும்பிலுள்ள பாராளுமன்றத்தின் கோபா குழு ஒன்றே தூரத்திலிருந்து பார்க்கிறது. பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு 3,179 ஆசிரிய உதவியாளர் வெற்றிடங்கள் அறிவிக்கப்பட்டு, தெரிவானவர்கள் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவிலும் பின்னர் 10,000 ரூபாவிலும் ஆண்டுக்கணக்கில் வகுப்பறையை நடத்திய வரலாறு நமக்குத் தெரியும். அவர்களுடைய நிலைமை சபையில் வினாவாக வரும்போதெல்லாம், மாகாணத்துக்கும் மத்திக்கும் இடையே பொறுப்பு கைமாறிக்கொண்டே இருந்தது. பாராளுமன்றத் தளத்தில் மட்டும் தேடுபவருக்கு இந்தக் கதையின் பாதிதான் கிடைக்கும். மீதி மாகாணச் சுற்றறிக்கைகளில் சிதறிக் கிடக்கிறது.

பொது மனுக்கள் பற்றிய குழுவையும் சொல்லாமல் விட முடியாது. நியமனத்திலும் பதவி உயர்விலும் அநீதி நடந்ததாகக் கருதுபவர், தமிழிலேயே மனு எழுதி, ஒரு பாராளுமன்ற உறுப்பினரூடாகச் சமர்ப்பிக்கலாம். நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வாக்குக் கேட்டு வந்தவரிடம் மனுவைக் கொடுத்து, சமர்ப்பித்த திகதியைக் கேட்டு வாங்குவது சலுகை அல்ல. மனு மெதுவாகவே நகரும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கியவருக்கு இது உதவாது.

யாருக்கு இந்தச் சேவை என்று கேட்டால், தனி ஒருவரின் அவசரக் காரியத்துக்கு அல்ல என்பேன். தோட்ட இளைஞர் மன்றங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள், நகர வர்த்தகர் சங்கங்கள், தொழிற்சங்கங்களின் மாவட்டக் காரியாலயங்கள் ஆகியவற்றில் சிங்களம் வாசிக்கக்கூடிய ஒருவரும் தமிழில் எழுதக்கூடிய ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால், இதிலிருந்து எடுக்கக்கூடியவை ஏராளம். தமிழ் பேசும் ஒருவர் தனியாக முயன்றால் ஒழுங்குப் பத்திரம், கணக்காய்வு அறிக்கை ஆகிய இரண்டோடு மட்டும் தொடங்கட்டும். அவை இன்றைக்கே பயன்படக்கூடிய நிலையில் உள்ளன.

விடை கிடைக்காத இடத்தில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாராளுமன்றமும் அதற்கு உட்பட்டதே. வினாவின் இலக்கத்தையும் அமர்வுத் திகதியையும் குறிப்பிட்டு, சபாபீடத்தில் வைக்கப்பட்ட இணைப்பின் பிரதியைத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். கிடைக்காவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். மாவட்டத்திலுள்ள ஓர் அலுவலகம் தமிழில் கேட்ட தகவலுக்குச் சிங்களத்தில் பதில் அனுப்பியபோது, தமிழில் பதில் பெறும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைச் சுட்டி இரண்டாம் கடிதம் எழுதினோம். தமிழ்ப் பிரதி வந்தது. அந்தக் கடிதத்தின் முடிவில், பாராளுமன்ற வினாவைப் பார்த்து, தமிழ்ப் பிரதி எப்போது அனுப்பப்படும் என்பதை அறிவிப்பீர்களா, இன்றேல் ஏன் அனுப்பப்படாது என்றும் கேட்டிருந்தோம்.